வலப்பக்கம் திறக்கும் ஊர்

உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் வால்வை இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். இந்த மலையூரில் மட்டும் எல்லாம் தலைகீழ். தெருவுக்கு ஒரு வால்வு. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, காலை ஆறு மணிக்குத் தெரு வால்வைத் திறந்துவிட வேண்டும். அதனால் இந்த ஊரில் பிறந்த எவருக்கும் கை தானாக வலப்பக்கம்தான் போகும். வெளியூரிலிருந்து புது மாப்பிள்ளை வந்தால் முதல் வாரமே அவனைத்தான் வால்வுக்கு அனுப்புவார்கள். அவன் முக்கி முனகி இடப்பக்கமாகவே திருப்பிக்கொண்டு நிற்பதைத் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். அதில் அப்படி ஒரு அற்ப சந்தோஷம்.

ஏன் இப்படி என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் யுத்தம். எதிரிப் படை கணவாயைத் தாண்டி ஊருக்குள் வரப்போகிறது என்று சேதி வந்தது. அன்று ஒரே இரவில் ஊரின் தண்ணீர்க்காரர் ஐம்பத்துநான்கு வால்வுகளையும் பிரித்து, உள்ளே இருக்கும் தண்டுகளை மாற்றி, எல்லாமே எதிர்ப்பக்கம் திறக்கும்படி செய்துவிட்டார். வந்தவன் ஊருக்கே தண்ணீர் இறங்கும் மேல்தொட்டியின் பெரிய வால்வை இடப்பக்கம் திருப்பினான், அசையவில்லை. நான்கு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள், இன்னும் இறுகியது. ஒன்பது நாள் நாக்கு வறண்டு, பத்தாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்தத் தண்ணீர்க்காரரின் மருமகளைத்தான் ஊர் 'ஸ்பேனரக்கா' என்று கூப்பிடுகிறது. கீழே சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் பிட்டர் வேலை. பதினெட்டு வருஷமாக அவள் கை படாத குழாய் ஊரில் கிடையாது, அவள் வாய் படாத அதிகாரியும் கிடையாது. எதைச் சொன்னாலும் "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்பாள். சொன்னால் செய்தும் விடுவாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை. ஒரு வால்வைப் பிரித்துத் தண்டு மாற்ற அவளுக்கே அரை நாள் ஆகிறது. மனுஷன் ஒரே இரவில் ஐம்பத்துநான்கு எப்படி மாற்றினார்? அந்தக் காலத்து ஆட்கள் உடம்பே வேறு என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

இந்த வருஷம் நகராட்சி பழைய வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டு, அதேபோல் வலப்பக்கம் திறக்கும் புது வால்வுகளை மாட்டியது. மேல்தொட்டியின் பெரிய வால்வை மட்டும் சந்தைச் சதுக்கத்தில் ஒரு மேடை கட்டி நிறுத்துவது, அதன் அடியில் தண்ணீர்க்காரரின் வீரத்தைப் பித்தளைத் தகட்டில் பொறிப்பது, ஞாயிற்றுக்கிழமை காலை அவரையே உட்கார வைத்துத் திறப்பது என்று முடிவாயிற்று. இதில் ஒரு சிக்கல். கிழவர் நாற்பது வருஷமாக எந்த வெற்றி விழாவுக்கும் வந்ததில்லை. சரியாக அந்த நாளில் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

"இந்தத் தடவை வயித்துவலி கியித்துவலின்னு சொன்னா நான் என்ன பண்றது?" என்று நகராட்சித் தலைவர் கையைப் பிசைந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. யுத்தத்தின்போது தவழ்ந்துகொண்டிருந்தவர்.

"மாமாவக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றாள் ஸ்பேனரக்கா.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டறையில் அந்தப் பெரிய வால்வைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லா வால்வுக்கும் தார் பூசுவது அந்த ஊர் வழக்கம். சுரண்டாமல், துடைக்காமல், போன வருஷத் தாரின் மேலேயே இந்த வருஷத் தார். அப்படி ஐம்பது வருஷம் பூசினால் என்ன ஆகும்? வால்வைத் திருப்புகிற சக்கரம் விரல் தடிமனுக்கு உப்பியிருந்தது. அடுப்பு ஊதுகுழல் போன்ற ஒரு பர்னரை வைத்துச் சூடேற்றி, உளியால் தட்டித் தட்டி எடுத்தாள். தார் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் இரும்பு தெரிந்தது. இரும்பில் ஒரு அம்பு தெரிந்தது.

வார்க்கும்போதே போட்ட அம்பு. வலப்பக்கம் பார்த்து நின்றது. அதன் தலைமாட்டில் 'திற' என்று எழுத்து. பக்கத்தில் வார்ப்பாலையின் முத்திரை, ஒரு வருஷம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். யுத்தத்துக்குப் பதினோரு வருஷம் முந்தைய வருஷம் அது.

பர்னரை அணைத்துவிட்டு மூலையில் குவித்துக் கிடந்த தெரு வால்வுகளில் ஆறை இழுத்துப்போட்டுச் சுரண்டினாள். ஆறிலும் அதே அம்பு, அதே வருஷம். யாரும் எதையும் மாற்றவில்லை. வார்ப்பாலையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய அன்றே இவை வலப்பக்கம் திறக்கும் வால்வுகள்தான்.

'அடப்பாவி மனுஷா' என்று முதலில் வந்தது. மறுகணமே மேசைப் பக்கம் திரும்பினாள். மேசைமேல் பித்தளைத் தகடு துணியில் சுற்றி வைத்திருந்தது. 'ஒரே இரவில் ஐம்பத்துநான்கு வால்வுகளை மாற்றி' என்று அதில் பொறித்தாகிவிட்டது.

வீட்டுக்கு அவள் போனபோது அத்தை விழாவுக்குப் போட்டுக்கொள்ளச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கணவன் லாரியோடு கீழே. கிழவர் மட்டும் அடுப்படியில் நின்று, கழுவிய தட்டுகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தோரு வயதிலும் ஒரு தட்டில் ஒரு சொட்டு ஈரம் நிற்க விடமாட்டார்.

"மாமா, தாரைச் சுரண்டிட்டேன்" என்றாள்.

கிழவர் கையிலிருந்த தட்டை மெதுவாக வைத்தார். "அம்பைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். வருஷத்தையும் பாத்துட்டேன். ஏன் மாமா இப்படி ஒரு பொய்?"

"நான் சொன்ன பொய் இல்லம்மா அது. நான் அந்த ராத்திரி செஞ்சது ஒண்ணே ஒண்ணு. குண்டு விழுந்து குழாய் உடைஞ்சா தொட்டித் தண்ணி வீணாப் போயிடுமேன்னு பெரிய வால்வை மூடிட்டு வந்தேன். அவ்வளவுதான். பத்தாம் நாள் அவன் போனதும் நம்ம பட்டாளம் வந்துச்சு. எப்படித் திறக்கறதுன்னு அவங்க ஆபீசர் கேட்டார். நாங்க அஞ்சாறு பேர் கம்பு குடுத்து வலப்பக்கம் இழுத்தோம். தண்ணி கொட்டுச்சு. 'இந்த ஆளு வால்வையே மாத்தி வச்சு ஏமாத்திட்டாருய்யா'ன்னு கத்தி என்னைத் தோள்ல தூக்கிட்டார். இல்லைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் கை தட்டிட்டாங்க."

"ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியுமே! முறை போட்டுத் தினமும் திறந்தவங்கதானே? அது முந்தியே வலப்பக்கம்னு அத்தனை பேருக்கும் தெரியுமே?"

"தெரியும். ஒருத்தர்கூட மறுத்துச் சொல்லல. இன்னி வரைக்கும் சொல்லல. நான் பாவம்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்குவேன். அதுதான் இன்னும் குத்துது."

"இதுல குத்தறதுக்கு என்ன இருக்கு? ஒன்பது நாள் வாயை மூடிட்டு இருந்தீங்கல்ல? அது போதாதா? வலப்பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

கிழவர் துணியை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"சொன்னேன்" என்றார்.

அவளுக்குக் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் "என்னது?" என்றாள்.

"சொல்லிட்டேன்மா. நாலாம் நாள். உன் புருஷனுக்கு அப்ப பத்து மாசம். காய்ச்சல். உதடு வெடிச்சு அழக்கூடத் தெம்பில்லாம கிடந்தான். மழைத்தண்ணி பிடிச்ச பீப்பாயெல்லாம் காலி. தொட்டிப் பக்கம் அவங்க சிப்பாய்ங்க நின்னாங்க, நாம கிட்டப் போகமுடியாது. தண்ணி தேடிட்டு வரேன்னு உங்க அத்தைகிட்டச் சொல்லிட்டு நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கதான் எதிரிப் படைக் கேப்டன் தங்கியிருந்தான். 'வலப்பக்கம் திருப்பு, வரும்'னு கையால திருப்பிக் காட்டினேன். என்னையே பாத்தான். சிரிச்சான். ஒரு சிப்பாயை விட்டு உதைச்சு வெளிய தள்ளினான். அவன் நம்பல. அவ்வளவுதான் விஷயம். அவன் நம்பியிருந்தா ஊரை விட்டே போயிருக்கமாட்டான். கீழ கணவாய்ல நம்ம பசங்க எத்தனை பேர் செத்திருப்பாங்களோ. நான் துரோகம் பண்ணினேன். அது பலிக்கல, அதனால எனக்கு விழா எடுக்கறாங்க."

"குழந்தை என்ன ஆச்சு?"

"மறுநாள் விடியக்காலம் பனி கொட்டுச்சு. உங்க அத்தை தகரக் கூரையில துணியை விரிச்சுப் போட்டுப் பிழிஞ்சு பிழிஞ்சு வாயில விட்டா. அப்படித்தான் பிழைச்சான்."

ஸ்பேனரக்காவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் 'பாத்துக்கறேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வைத்த தட்டை எடுத்து அடுக்கினாள்.

"சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வயித்துவலி. நான் தலைவர்கிட்டச் சொல்லிக்கறேன்."

"வேண்டாம். பேச்சா இருந்த வரைக்கும் வயித்துவலி போதும். பித்தளையில வெட்டிட்டா நான் செத்தப்புறமும் நிக்கும். வர்றேன். வந்து சொல்லிடறேன்."

"மாமா, ஊரே காறித் துப்பும்! அந்த ஒன்பது நாள்ல தண்ணியில்லாம நாலு பேர் செத்திருக்காங்க. அவங்க வீட்டு ஆளுங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்க."

"துப்பட்டும்மா. உங்க அத்தைக்கு மட்டும் இப்பச் சொல்லாத. பாவம், செருப்பு வாங்கப் போயிருக்கா."

இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் விழாவையே நிறுத்திவிடலாம். கிழவர் மானம் தப்பும். சனிக்கிழமை சாயங்காலம் நகராட்சி அலுவலக வாசல் வரைக்கும் போய்விட்டாள். உள்ளே தலைவர் தன் பேச்சைச் சத்தம்போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 'ஒரே இரவில்!' என்று மேசையைத் தட்டினார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பது வருஷம் இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி படுத்துக் கிடந்திருக்கிறார் மனுஷன். இனியும் படுக்க வைக்க அவள் யார்? அவர் சொல்லட்டும். சொல்லும்போது பக்கத்தில் நிற்போம், எவனாவது வாயைத் திறந்தால் அப்போது பார்த்துக்கொள்வோம் என்று திரும்பிவிட்டாள். வீடு வரும்போது நடை பழைய நடையாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சதுக்கத்தில் நானூறு பேர். முன்வரிசை முழுக்க யுத்தத்தைப் பார்த்த தலைமுறை: ரொட்டிக் கடைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், தையல்காரம்மா, மருந்துக்கடைப் பெரியவர், இன்னும் முப்பது நாற்பது நரைத்த தலைகள். அத்தை புதுச்செருப்பு கடித்ததால் அதைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கழுவித் துடைத்த பெரிய வால்வு மேடைமேல் மினுமினுத்தது. அம்பு இருந்த பக்கத்தை ஸ்பேனரக்கா கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள். அதைக் கவனித்தவர்கள் முன்வரிசைக்காரர்கள் மட்டும்தான். பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதென்ன கூத்து என்று அவளுக்குத் தோன்றியது.

தலைவர் மேசையைத் தட்டி முடித்தார். கிழவர் எழுந்தார். மருமகள் மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"இந்த வால்வு எப்பவுமே வலப்பக்கம்தான் திறந்துச்சு. இந்தா, அம்பு இருக்கு, பாத்துக்குங்க" என்று தொடங்கினார். "நான் ஒண்ணையும் மாத்தல. அது மட்டும் இல்ல. நாலாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தக் கேப்டன்கிட்ட வலப்பக்கம் திருப்புன்னு சொன்னேன். என் பிள்ளை சாகக் கிடந்தான், சொன்னேன். அவன் நம்பல. அவன் முட்டாளா இருந்ததாலதான் ஊர் பிழைச்சுது. என்னால இல்ல. அந்தத் தகட்டைக் கழட்டிடுங்க."

தலைவரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பின்வரிசையில் யாரோ ஒரு இளவட்டம் "அடப்பாவி" என்றது. ஸ்பேனரக்கா அந்தப் பக்கம் திரும்பி முறைத்தாள். நான்காவது வரிசையில் அவள் கணவன் எழுந்து நின்று, அப்பாவைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தான்.

அப்போது முன்வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. ரொட்டிக் கடைக்காரர். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார்.

"நானும் போனேன்" என்றார்.

"எங்க?" என்றார் தலைவர், பாவம்.

"எங்கன்னா? பள்ளிக்கூடத்துக்குத்தான். மூணாம் நாள். எங்கப்பா நாக்கு தடிச்சுப் படுத்திருந்தார். வலப்பக்கம்னு சொன்னேன். கன்னத்துல ஒண்ணு விட்டான் கேப்டன். அந்தக் காதுதான் எனக்கு இன்னிக்கும் கேக்கல. எங்கப்பா அஞ்சாம் நாள் போயிட்டார்." அவர் உட்காரவில்லை. உட்கார மறந்துபோனார்.

"நானும்" என்றார் தையல்காரம்மா, எழாமலே. "என் தங்கச்சிக்குப் பிரசவ வலி. போய்ச் சொன்னேன்."

தபால்காரர் எழுந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கெல்லாம் ஒழுகியது. "அந்த அஞ்சு பேரு நீங்கதானா? ஏய்யா, நீங்கதானா? எனக்கு அவன் பாஷை கொஞ்சம் தெரியும். நான் போனப்ப பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொன்னான், 'இவன் ஆறாவது ஆளு. ஆறு பேரும் ரகசியமா வந்து ஒரே மாதிரி வலப்பக்கம், வலப்பக்கம்ங்கறாங்க. ஊரே கூடிப் பேசி வச்சிருக்கு. வலப்பக்கம் திருப்பினா வெடிக்கற மாதிரி குண்டு கட்டி வச்சிருக்காங்க. எவனும் அதைத் தொடக்கூடாது'ன்னு. அன்னிக்கே வால்வைச் சுத்திக் காவல் போட்டுட்டான். எவன்டா அந்த அஞ்சு பேருன்னு நாப்பது வருஷமா மண்டை காயறேன். கேக்கவும் முடியாது. கேட்டா, உனக்கெப்படித் தெரியும்னு திருப்பிக் கேப்பானே!"

மருந்துக்கடைப் பெரியவர் கையைத் தூக்கினார். பிறகு இன்னொரு கை. இன்னொன்று. தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது வருஷம் எதிரெதிர் கடையில் உட்கார்ந்து, ஒரே பெஞ்சில் பேப்பர் படித்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் பந்தி பரிமாறியவர்கள். ஒவ்வொருவரும் இந்த ஊரில் தான் ஒருவர் மட்டுமே துரோகி என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

ஸ்பேனரக்காவுக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. கதையை ஏன் ஒருவரும் மறுக்கவில்லை? ஒரே இரவில் தண்ணீர்க்காரர் ரகசியமாக மாற்றினார் என்றால், எந்தப் பக்கம் திறக்கும் என்பது வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் எப்படிக் காட்டிக் கொடுத்திருக்க முடியும்? அந்தப் பொய்க்குள் ஊரே பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தது. கிழவர் மேல் யாரும் இரக்கப்படவே இல்லை. எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாமா, உக்காருங்க. நீங்க ஒரு ஆளு போய்ச் சொல்லியிருந்தா அவன் நம்பியிருப்பான். இத்தனை பேர் போனதாலதான் தப்பிச்சோம்" என்று அவள் மைக்கிலேயே சொன்னாள். கூட்டத்தில் முதலில் யார் சிரித்தார்களோ தெரியாது. அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ரொட்டிக் கடைக்காரர் கேட்கிற காதைத் திருப்பி, "என்ன சொன்னா, என்ன சொன்னா?" என்று விசாரித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் தபால்காரர் தோளில் சாய்ந்து குலுங்கினார். அது சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்ப தகட்டுல என்னதான் போடறது?" என்றார் தலைவர்.

"எத்தனை பேர்னு எண்ணிச் சொல்றேன். நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றாள் அவள். பையிலிருந்து பென்சிலை எடுத்து, முன்வரிசையில் தூக்கிய கைகளை எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது கை அவள் மாமியாருடையது.

கிழவர் அதைப் பார்த்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கினார். இரண்டு படியில் ஒரு படியைத் தவறவிட்டு, மருமகள் பிடித்ததால் விழாமல், மனைவியின் முன்னால் போய் நின்றார்.

"நீ எப்பப் போன?"

"நீங்க தண்ணி தேடப் போறேன்னு போனீங்கல்ல, அன்னிக்கு. பிள்ளையைப் பக்கத்து வீட்ல போட்டுட்டுப் பின்பக்கமாப் போனேன். நீங்க முன்பக்கமா வந்திருக்கீங்க போல."

"ஒரே வீட்ல நாப்பது வருஷம் இருந்தோமேடி. ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிங்க சொல்லுவேன்?" என்றார் அத்தை. வெறும் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊரே உங்களைத் தூக்கி வச்சுக் கொண்டாடுது. நீங்க வாயைத் திறக்காம ஊரைக் காப்பாத்தின மனுஷன். அவரோட பெண்டாட்டியே போய்க் காட்டிக் குடுத்தாள்னு தெரிஞ்சா, நீங்க என்னை என்னன்னு நினைப்பீங்க? உங்களுக்கு வயித்துவலி வர்றப்பெல்லாம் அது எங்க தெரிஞ்சுபோச்சோன்னு பயந்து செத்துட்டு இருந்தேன்."

கிழவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நானூறு பேருக்கு முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.